நிக்கல் முலாம் பூசிய ரிவால்வரும் ஒரு நூற்றாண்டு அழுக்கும்

(கெமிக்கல் இன்ஜினியரிங், 2006–2010 அணி)

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "அமெரிக்கா போன கதை, பனியில் கார் ஓட்டிய கதை, சாம்பார்ப் பொடி தேடிய கதை இதெல்லாம் போன மலரிலேயே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். வேறு ஏதாவது எழுதப்பா" என்றார் ஆசிரியராக இருக்கும் சீனியர். நியாயம்தான். ஆகவே என்னைப் பற்றி அதிகம் எழுதாமல் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அது ஒரு பழைய ரிவால்வர். நிக்கல் முலாம் பூசியது. அதை எப்படித் துடைக்க வேண்டும், எப்படித் துடைக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

"என்னடா இவன், விழா மலரில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறான்" என்று யாரும் பயப்பட வேண்டாம். நான் வேலை பார்ப்பது முலாம் பூசும் துறையில். எனக்கு அந்தத் துப்பாக்கியின் தோட்டாவைவிட அதன் தோல்மீதுதான் அக்கறை. அந்தத் தோலுக்குள் நல்ல சரித்திரமும், நம் இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி பாடம் முழுவதும் இருக்கிறது.

குட்டிச்சாத்தான் பெயர் கொண்ட உலோகம்

முதலில் நிக்கல். ஜெர்மனியின் சுரங்கத் தொழிலாளர்கள் செம்புத் தாதுபோலவே சிவந்து தெரியும் ஒரு கல்லை வெட்டி எடுத்து உருக்கிப் பார்ப்பார்கள். செம்பு வராது. நச்சுப் புகைதான் வரும். ஏதோ குட்டிச்சாத்தான் செம்பைத் திருடிக்கொண்டு போய்விட்டது என்று நம்பி, அந்தக் கல்லுக்குக் "குப்ஃபர்நிக்கல்" என்று பெயர் வைத்தார்கள். குப்ஃபர் என்றால் செம்பு, நிக்கல் என்றால் அந்தக் குறும்புச் சாத்தான். 1751-ல் ஸ்வீடன் நாட்டு ஆக்ஸெல் கிரான்ஸ்டெட் இந்த வகைத் தாதுவிலிருந்து ஒரு புது உலோகத்தைப் பிரித்தெடுத்தார். செம்பு போய், சாத்தான் பெயர் மட்டும் நிலைத்தது.

இந்த உலோகத்தை மின்சாரத்தால் இரும்பின்மேல் படியவைக்கலாம் என்பது 1840-களிலேயே தெரியும். ஆனால் பரிசோதனைச் சாலையில் வந்தது பட்டறையில் வரவில்லை. படிந்த நிக்கல் கருத்தது, வெடித்தது, உரிந்தது. இதைச் சரிசெய்தவர் பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் ஆடம்ஸ் ஜூனியர். 1869 ஆகஸ்ட் 3 அன்று அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் சாரம் எளிமையானது: நிக்கல், அமோனியா இரண்டின் இரட்டை சல்ஃபேட் கரைசலை எடுத்துக்கொள், அதில் பொட்டாஷ், சோடா, சுண்ணாம்பு, அலுமினா, நைட்ரிக் அமிலம் எதுவும் இருக்கக் கூடாது, அமிலமாகவும் இருக்கக் கூடாது, காரமாகவும் இருக்கக் கூடாது. சுத்தம், நடுநிலை, அவ்வளவுதான். லேபில் நமக்கு "பீக்கரை நன்றாகக் கழுவு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாத்தியார்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். பீக்கரைக் கழுவியே ஒரு தொழில் பிறந்திருக்கிறது!

ஸ்பிரிங்ஃபீல்டின் இருவர்

அதே 1869-ல் இன்னொரு காப்புரிமை முடிவுக்கு வந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சாமுவேல் கோல்ட் 1836-ல் ரிவால்வருக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அவருடைய துப்பாக்கியில் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மருந்தும் குண்டும் கெட்டிக்க வேண்டும். இப்போது நாம் சினிமாவில் பார்க்கிற மாதிரி பின்னாலிருந்து உலோகத் தோட்டா போட வேண்டுமானால் சிலிண்டரை இருபுறமும் துளைத்திருக்க வேண்டும். அந்த யோசனைக்கு 1855 ஏப்ரல் 3 அன்று ரோலின் வைட் என்பவர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தொழில் நடத்திய ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் ஒரு துப்பாக்கிக்கு இருபத்தைந்து சென்ட் என்று பேசி அந்த உரிமையைப் பெற்றார்கள். 1857-ல் தங்கள் முதல் மாடலை விற்க ஆரம்பித்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முழுவதும் அந்த உரிமை அவர்களிடமே இருந்தது. 1869-ல் அது முடிந்தது. அதை நீட்டிக்க வழிசெய்யும் மசோதாவை 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் ரத்து அதிகாரத்தால் தடுத்துவிட்டார்.

ஆக, 1870 பிறந்தபோது இரண்டு கதவுகள் ஒரே சமயத்தில் திறந்திருந்தன. யார் வேண்டுமானாலும் தோட்டா போடும் ரிவால்வர் செய்யலாம். அதன்மேல் பூச நல்ல நிக்கல் முலாமும் தயார். அந்த வருடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 3 வந்தது. நடுவில் மடித்தால் தீர்ந்த தோட்டாக் கூடுகள் தாமாக வெளியே வரும் அமைப்பு. அமெரிக்க ராணுவம் ஆயிரம் வாங்கியது. அதில் 200 நிக்கல் முலாம், மிச்சம் நீலப் பூச்சு. அடுத்த வருடம் ரஷ்யா 20,000-க்கு ஒப்பந்தம் போட்டது. பின்னால் அந்தக் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஏன் நிக்கல்?

அழகுக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது. அந்தக் காலத் தோட்டாவுக்குள் இருந்தது கருப்பு வெடிமருந்து. ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இது வெடித்தபின் குழலுக்குள் பொட்டாசியம் கார்பனேட், சல்ஃபேட், சல்ஃபைடு என்று உப்புகள் தங்கும். இவை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் துரு. இதோடு பாக்கெட்டில் வைத்துக்கொள்பவரின் வியர்வை உப்பும் சேர்ந்துகொள்ளும்.

நீலப் பூச்சு என்பது இரும்பின்மேல் வரவழைத்த மெல்லிய ஆக்ஸைடு படலம். எண்ணெய் இருக்கும்வரைதான் அதற்கு மரியாதை. வெள்ளி முலாம் அழகு, ஆனால் விலை. தவிர, வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது, கருத்துப்போகும். (வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைக் கேளுங்கள்.) கோல்டு நிறுவனமும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் நிக்கலைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அதன்பின் மலிவு விலைக் கம்பெனிகள் நுழைந்தன. நிக்கல் பளபளக்கும் பாக்கெட் ரிவால்வர் சில டாலருக்குக் கடைகளிலும் தபாலிலும் கிடைத்தது. தபால் வழியை அமெரிக்க அரசு 1927-ல்தான் சட்டம் போட்டு அடைத்தது.

அந்த மலிவின் விலையும் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரத்துக் கண்காட்சியில் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்ட லியோன் சோல்கோஸ், சில நாள் முன்னால் அதே ஊரில் நாலரை டாலருக்கு ஒரு .32 ஐவர் ஜான்சன் ரிவால்வர் வாங்கினான். அதைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டு, கைகுலுக்கும் வரிசையில் நின்றான். செப்டம்பர் 14 அன்று ஜனாதிபதி இறந்தார். அந்தத் துப்பாக்கி இன்றும் பஃபலோ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பளபளவென்று புதுசாக்கி வைத்தால் அதற்கு என்ன மதிப்பு, யோசியுங்கள்.

முலாம் காப்பாற்றும், காட்டியும் கொடுக்கும்

இங்கே நம் பாடம் வருகிறது. கல்நாயிஸ் ஷீட்டில் இருப்பது துத்தநாகம். அது இரும்பைவிடச் சுலபமாக அரிபடும் உலோகம். கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படியல்ல. மின்னழுத்த வரிசையில் துத்தநாகம் -0.76, இரும்பு -0.44, நிக்கல் -0.25 வோல்ட். நிக்கல்தான் இரும்பைவிட உயர்ந்த சாதி உலோகம். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து ஈரம் போனால், அரிபடுவது இரும்புதான். அதுவும் பெரிய நிக்கல் பரப்பு எதிர்முனையாக நிற்க, அந்தச் சிறு புள்ளியில் மட்டும் அரிப்பு குடைந்துகொண்டு போகும். மேலே பார்த்தால் ஒரு சின்னக் கொப்புளம். உள்ளே பள்ளம். ஒருநாள் அந்த முலாம் செதிளாக உரியும்.

சரி, எவ்வளவு கனம் இந்த முலாம்? ஃபாரடே விதியைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் படிவது சுமார் 1.095 கிராம் நிக்கல். நூறு சதுர சென்டிமீட்டரில் அதைப் பரப்பினால் கனம் சுமார் 12 மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஒவ்வொரு முறை பாலிஷ் போட்டுத் தேய்க்கும்போதும் இதிலிருந்துதான் கழிகிறது. திரும்ப வராது.

ஒரு .38 மேஜைக்கு வந்தது

நான் இருப்பது கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டு பக்கம். கோல்ட் தொழிற்சாலையின் நீல நிறக் குமிழ்க் கோபுரம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். வடக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் ஸ்பிரிங்ஃபீல்டு. இந்தப் பள்ளத்தாக்கில் பரம்பரை பரம்பரையாகத் துப்பாக்கித் தொழிலில் இருந்த குடும்பங்கள் நிறைய. என் தொழிற்சாலையில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு மூத்த மெக்கானிக். 2021-ல் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் கைபேசியில் படம் காட்டினார். ஐந்து தோட்டா போடும் .38 டபுள் ஆக்‌ஷன் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். 1880-ல் அறிமுகமான வகை. அவருடைய கொள்ளுத்தாத்தாவுடையது.

கொள்ளுத்தாத்தா ஒரு நெசவாலையில் சம்பளப் பணம் கொண்டுவருபவர். வாராவாரம் வங்கியிலிருந்து ஆலைக்குப் பையோடு நடந்தவர். குடும்பத்தில் அவரைப் பற்றி எஞ்சியிருப்பது ஒரு புகைப்படமும் இந்தத் துப்பாக்கியும்தான். மெக்கானிக் கேட்டது இதுதான்: "மகளுக்குக் கொடுக்கப்போகிறேன். இப்படி அழுக்காகவும் உரிந்துமா கொடுப்பது? நீதான் முலாம் ஆள். பழசை உரித்துவிட்டுப் புதுசாகப் பூசிக் கொடேன்."

செய்வது எனக்குப் பெரிய காரியம் இல்லை. ஆனால் நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முலாம் தேய்ந்திருந்தது ஒரே பக்கத்தில்தான். வலப்புறம் குழலும் சிலிண்டரும் சாம்பல் நிறம். இடப்புறம் இன்னும் லேசான மஞ்சள் சாயலோடு பளபளப்பு. வருடக்கணக்கில் ஒரே பாக்கெட்டில், ஒரே மாதிரி வைத்து நடந்திருக்கிறார் மனிதர். பிடியின் பின்முதுகில் கட்டைவிரல் படும் இடத்தில் இரும்பே தெரிந்தது. ஆனால் குழலுக்குள் சுட்டதன் அடையாளம் அதிகம் இல்லை என்றார். பயத்தோடு தடவியிருக்கிறார், சுட்டதில்லை. இந்த விவரம் எந்தக் கடிதத்திலும் இல்லை, அந்தத் தேய்மானத்தில் மட்டும் இருக்கிறது.

மறுமுலாம் போட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் விளக்கினேன். முதலில் பழைய நிக்கலைக் கரைத்து எடுக்க வேண்டும். கீழே இருக்கும் அரிப்புப் பள்ளங்கள் மறைய பஃபிங் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். அதில் விளிம்புகள் மழுங்கும், திருகு ஓட்டைகள் கிண்ணம்போல் குழியும், காப்புரிமைத் தேதிகள் பொறித்த எழுத்து ஆழம் குறையும். அப்புறம் பூசுகிற முலாம் பெரும்பாலும் 1916-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆலிவர் வாட்ஸ் கண்ட கரைசல்வழி வந்தது. கொள்ளுத்தாத்தா காலத்தது அல்ல. கண்ணாடிபோல மின்னும், ஆனால் அது நம்முடைய வேலையாக இருக்கும், 1880-களின் வேலையாக இருக்காது.

பழசா, மறுபூச்சா என்று கண்டுபிடிக்கவும் இதே அடையாளங்கள்தான். அந்தக் கால ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிக்கல் துப்பாக்கிகளில் விசையைச் சுற்றிய வளையம் பெரும்பாலும் நீலப் பூச்சாகவே இருக்கும். விசையும் சுத்தியலும் சூட்டில் கடினமாக்கிய வானவில் நிறத்தில் இருக்கும். எல்லாமே ஒரே நிக்கலாக மின்னினால் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். நீலம் கலந்த வெண்மையாக மின்னினால் அது குரோமியம்; குரோம் முலாம் வியாபாரத்துக்கு வந்ததே 1920-களில்.

அவர் ஒருவாரம் பேசவில்லை. பிறகு, "துடைக்க மட்டுமாவது சொல்லிக்கொடு" என்றார்.

துடைக்கும் முறை

முதலில், காலியா என்று பார்க்க வேண்டும். மடித்துத் திறந்து ஐந்து அறையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி. பழசுதானே என்ற அலட்சியம் கூடாது. கருப்பு மருந்துக்காகச் செய்த இரும்பில் இன்றைய தோட்டாவைச் சுடவும் கூடாது. விசையைச் சும்மா இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். பழைய ஸ்பிரிங் ஒடியும்.

இரண்டு, கழற்றுவது. பிடியின் தகடுகளை மட்டும் எடுத்தால் போதும், உள்ளே போக வேண்டாம். திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் முனை இல்லாத ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள். கடினரப்பர் பிடிக்கு வெந்நீர் ஆகாது, வெயிலும் ஆகாது, கருப்பு பழுப்பாகிவிடும். முத்துச்சிப்பி, தந்தப் பிடிகளை எண்ணெயில் ஊறவைக்கக் கூடாது.

மூன்று, குழல். பழைய மருந்து உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. பழைய தோட்டாக்களின் அடிமுனை மருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு விட்டுப்போகும் உப்பும் அப்படியே. ஆகவே வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணித்துண்டு, உடனே உலர்ந்த துணி பலமுறை, கடைசியில் மெல்லிய கனிம எண்ணெய். இரும்புத் தூரிகை வேண்டாம்.

நான்கு, வெளிப்புறம். பருத்தித் துணி, இரண்டு சொட்டு எண்ணெய், பொறுமை. எண்ணெயில் ஊறவிட்டு அழுக்கை இளகவைக்க வேண்டும், சுரண்டக் கூடாது. மூலைகளுக்கு மென்மையான பல் தூரிகை.

ஐந்து, இதுதான் முக்கியம்: அமோனியா கூடாது. குழலில் படிந்த செம்பை எடுக்க விற்கும் கரைப்பான்கள் பலவற்றிலும், பித்தளை பாலிஷ் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியா உண்டு. நிக்கலுக்கு அடியில் சில துப்பாக்கிகளில், குறிப்பாக மறுமுலாம் போட்டவற்றில், செம்பு அடிப்பூச்சு இருக்கும். முலாம் செதிலடித்த இடத்தில் அமோனியா புகுந்தால் செம்பைக் கரைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். மேலே நிக்கல் அந்தரத்தில் நின்று உரியும். துணியில் ஆழ்ந்த நீலம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். சால்ட் அனாலிசிஸில் செம்பைக் கண்டுபிடிக்க அமோனியா ஊற்றி வரவழைத்தோமே, அதே நீலம்தான் அது.

ஆறு, உரிந்த இடத்தை அப்படியே விடுங்கள். ஓரத்தை நகத்தால் நெம்பக் கூடாது. எண்ணெய் வைத்து ஈரத்தை வெளியேற்றி, துடைத்து, மெல்லிய மெழுகு பூசலாம். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவான நுண்படிக மெழுகு இதற்கென்றே இருக்கிறது. ரெனைசான்ஸ் வாக்ஸ் என்று விற்கிறார்கள்.

ஏழு, வைக்கும் இடம். தோல் உறையில் வைத்து மறந்துவிடுவதுதான் எல்லாரும் செய்வது. தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து முலாமைக் கெடுக்கும். உறை தனியே, துப்பாக்கி தனியே. சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம். தொடும்போது கையுறை, விரல்ரேகையில் இருக்கும் உப்பு சின்ன விஷயமல்ல.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கச் சட்டம் 1898 வரை செய்த துப்பாக்கிகளைப் பழம்பொருளாக வைத்துப் பார்க்கிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறு. வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ரிவால்வர் எதுவும் அகப்பட்டால் முதலில் எண்ணெய் தேடாதீர்கள், உரிமம் பற்றி விசாரியுங்கள்.

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து மெக்கானிக் அதைத் துடைத்தார். புதுசாகவில்லை. ஆனால் எழுத்துக்கள் படிக்க வந்தன, எண் தெளிவாக வந்தது. அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்பவர்களுக்கு எழுதினார். தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய தேதி, அனுப்பிய கடை, "நிக்கல்" என்று பூச்சு விவரம் எல்லாம் கடிதமாக வந்தது. உரித்துப் பூசியிருந்தால் கடிதம் வந்திருக்கும், ஆனால் அதில் சொன்ன நிக்கல் துப்பாக்கியில் இருந்திருக்காது.

நம் ஸ்டோர் ரூமுக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த விழாவை ஒட்டி லேப்களின் ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய கருவிகளை, பித்தளைத் தராசு, டேஞ்சன்ட் கால்வனாமீட்டர், பழைய வோல்ட் மீட்டர் எல்லாவற்றையும் எடுத்துக் கண்காட்சி வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். மாணவர்கள் ஆர்வமாகப் பாலிஷ் டப்பாவோடு இறங்குவார்கள் என்பதும் தெரியும். ஆயுத பூஜைக்குத் துடைக்கிற பழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது.

தம்பி, தங்கைகளே, தூசியைத் தட்டுங்கள். களிம்பு ஏறிய இடத்தை மெல்லத் துடையுங்கள். ஆனால் பளபளப்புக்காகத் தேய்க்காதீர்கள். தராசுத் தட்டின் ஓரத்தில் மழுங்கிப்போன எண், மீட்டர் பெட்டியில் யாரோ ஆணியால் கீறிய ரோல் நம்பர், குமிழில் நாற்பது அணிகளின் விரல் தேய்த்த பள்ளம், இவைதான் இந்தக் கல்லூரியின் பதிவேட்டில் இல்லாத பக்கங்கள். தேய்ப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள். எது எந்த லேபிலிருந்து வந்தது என்று எழுதி ஒரு அட்டை கட்டுங்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்; அழுக்கை அடுத்த வருடமும் எடுக்கலாம், எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

விழா சிறக்க வாழ்த்துகள். கண்காட்சியில் வோல்ட் மீட்டர் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சீனியர்கள் யாரும் குறைசொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். நம்மில் பல பேரும் இப்போது அந்த நிறத்தில்தான் இருக்கிறோம்.